இயற்கை நெல் பண்ணையம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? கொங்கு நாட்டில் அளந்து பார்க்கும் முறை

இயற்கை முறையில் நெல் விளைவிக்கும் குடும்பங்கள், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தையும் புகையான் (பயிரின் சாறு உறிஞ்சும் பூச்சி) விழுந்த போகத்தையும் எப்படிக் கடந்தன என்று அளந்து எழுதுவதற்கான வழிகாட்டி இது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வேளாண் கல்லூரி மாணவர்கள், ஊர்க்குழுவில் கணக்கு எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

நல்ல வருஷத்து மூட்டைக் கணக்கு தாங்குதிறனைக் காட்டாது. மழை பெய்து, அணை நிரம்பி, விலையும் இருந்தால் எல்லார் வயலும் விளையும். பார்க்க வேண்டியது கெட்ட வருஷத்தை. அடி விழுந்தபோது எவ்வளவு போனது, எத்தனை போகத்தில் மீண்டார்கள், மீள்வதற்கு எதை விற்றார்கள். இந்த மூன்றுக்கும் விடை இல்லாத அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் அது விளைச்சல் அறிக்கைதான்.

இதற்கென்று உலக அளவில் கருவிகள் உண்டு. 2012-ல் கபெல், ஊலோஃப்ஸே என்ற இரு ஆய்வாளர்கள் வேளாண் சூழலமைப்புகளுக்கு 13 குறிகளை முன்வைத்தார்கள். தாமாகக் கூடி இயங்குதல், பன்மை, கையிருப்பு, உள்ளூர் வளத்தோடு பிணைப்பு, நியாயமான லாபம் என்று அந்தப் பட்டியல் போகும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ‘ஷார்ப்’ என்ற கேள்வித்தொகுப்பு அதை அடியொற்றியது. இரண்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டு கோபிக்கோ ஆனைமலைக்கோ போகாதீர்கள். கேள்விகள் நீளம். முறை வைத்துத் தண்ணீர் விடும் பாசனம், கிணறு, பால் காசு, மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் என்று இந்த மண்ணின் விஷயங்களை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எல்லை: ஊர் அல்ல, மதகு

வருவாய்க் கிராமத்தை அலகாக எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒரே கிராமத்துக்குள் வாய்க்கால் நஞ்சையும் கிணற்றுத் தோட்டமும் மானாவாரிக் காடும் கலந்து கிடக்கும். நெல்லுக்குத் தண்ணீர்தான் உறவு. ஆகவே ஒரு மதகையோ (வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் வாய்) ஒரு பகிர்மான வாய்க்காலையோ எடுத்துக்கொண்டு, அதில் தண்ணீர் முதலில் சேரும் தலைமடை, நடுமடை, கடைசியில் சேரும் கடைமடை என்று மூன்றாகப் பிரியுங்கள்.

எந்தப் பாசனம் என்பதைப் பொறுத்து அளவை மாறும். கீழ்பவானியில் (பவானிசாகர் அணைக் கால்வாய்) 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதியாக, 1,03,500 ஏக்கர் வீதம் தண்ணீர் விடுவார்கள். அணையில் தண்ணீர் இருந்தால் ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து ஏறக்குறைய 120 நாள் நெல்லுக்கு; மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருஷம் முறை மாறும். அதாவது ஒரு வயலுக்கு வாய்க்கால் நெல் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ‘போன வருஷம் எத்தனை மூட்டை, இந்த வருஷம் எத்தனை’ என்று கேட்டு ஒப்பிட்டால் நெல்லையும் கடலையையும் ஒப்பிட்டதாகிவிடும்.

கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் (24,504 ஏக்கர்) இரண்டு போகமும் நெல் போடுகிறார்கள். காலிங்கராயனில் (15,743 ஏக்கர்) நெல்லோடு மஞ்சளும் வாழையும் கரும்பும் உண்டு. அமராவதிப் பழைய ஆயக்கட்டில் கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர், கடத்தூர் என்று ராஜவாய்க்கால்கள். ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டு ஆனைமலைப் பக்கம் 6,400 ஏக்கர். பழைய ஆயக்கட்டுகளுக்குத் தண்ணீரில் முன்னுரிமை இருப்பதால் அவற்றையும் கீழ்பவானிக் கடைமடையையும் ஒரே பட்டியலில் கலந்து சராசரி போடக்கூடாது. முதல் முயற்சிக்கு ஒரு பாசனம், ஒரு மதகு போதும்.

அடிகளின் காலக்கோடு

வீடு வீடாகப் போகும் முன் ஒரு மாலைக் கூட்டம் வையுங்கள். பெரிய பழுப்புத் தாளில் கடைசிப் பத்து வருஷத்தைக் கோடாகக் கிழித்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் என்ன அடி விழுந்தது என்று ஊர்க்காரர்களையே சொல்லச் சொல்லுங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் அப்போதைய 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2018 ஆகஸ்டில் பவானியில் வெள்ளம். 2020 மார்ச்சில் ஊரடங்கு. இவை எல்லாருக்கும் பொது. இதோடு உள்ளூர் அடிகள் வரும்: வாய்க்கால் உடைப்பு, குலைநோய், அறுப்பு நேரத்து மழை, காட்டுப்பன்றி, மயில், ஊரில் அரிசி எடுத்துக்கொண்டிருந்த ஒரே வியாபாரி நின்றுபோனது.

வருஷ எண்ணை வைத்து யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. ‘பழைய நோட்டு செல்லாமப் போன வருசம்’, ‘கொரானா வருசம்’, ‘மூத்தவளுக்குச் சீர் செஞ்ச வருசம்’ என்றால்தான் கணக்கு வெளியே வரும். இதில் ஒரு சிக்கலையும் கவனியுங்கள். பழைய நோட்டு செல்லாது என்றது 2016 நவம்பரில். அது வறட்சியோடு சேர்ந்தே வந்தது. அந்த வருஷம் ஆடு விற்றவர் தண்ணீர் இல்லாமல் விற்றாரா, கையில் ரொக்கம் இல்லாமல் விற்றாரா என்று பிரித்துக் கேட்காவிட்டால் வறட்சியின் தலையில் அத்தனையும் ஏறிவிடும்.

கூட்டத்தில் சொன்ன தேதிகளை நீர்வளத்துறைப் பாசனப் பிரிவு அலுவலகத்தில் தண்ணீர் திறந்த நாள், நிறுத்திய நாளோடு ஒத்துப்பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாள் அலுவலகப் பதிவில் கிடைப்பது அரிது. அதைப் பாசன சபைக்காரரிடமும் மதகு பார்க்கும் லஸ்கரிடமும்தான் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது

இப்போது இயற்கை முறையில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் விடை எப்போதும் நன்றாகவே வரும். தாங்க முடியாதவர்கள் ஏற்கெனவே விட்டுப் போயிருப்பார்கள். ஆகவே குழுவின் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்து, மறுபடி உரத்துக்குப் போனவர்களையும் நிலத்தைத் தென்னையாக்கிவிட்டவர்களையும் தேடிப்பிடியுங்கள். இந்த வீடுகளில் கிடைக்கும் விவரம்தான் மொத்த ஆய்வுக்கும் உப்பு.

ஒரு மதகுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: இயற்கை முறைக் குடும்பங்கள் தலை, நடு, கடை மடைக்கு 12 வீதம் 36, அதே மதகில் உரம் மருந்து போடுபவர்கள் 12, விட்டுப்போனவர்கள் 8, நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் 10. ஆக 66 வீடு. இரண்டு பேர் சேர்ந்து போனால் நாளைக்கு நாலு, ஐந்து வீடுதான் ஒழுங்காக முடியும். 15 நாள் ஒதுக்குங்கள். குழுவே சிறியதாக, 40 வீட்டுக்குள் இருந்தால் தேர்வு செய்யாமல் எல்லாரையும் கேட்டுவிடலாம்.

ஒப்பிடும் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது கிணறு, போர் இருக்கிறதா என்பதைச் சமப்படுத்துங்கள். கிணறுள்ள இயற்கை விவசாயியையும் கிணறில்லாத உர விவசாயியையும் பக்கத்தில் வைத்து ‘இயற்கை தாங்கியது’ என்று எழுதினால், தாங்கியது கிணறு. கீழ்பவானி மண் கால்வாய் என்பதால் அதன் கசிவிலேயே ஊறும் கிணறுகளும் உண்டு. கால்வாய் நின்றால் எத்தனை நாளில் கிணறு வற்றுகிறது என்றும் கேட்டு எழுதுங்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) ஓட்டுபவர்களைத் தனியாகக் குறியுங்கள். மண்ணில் ஐந்து வருஷம் போட்டதை அடுத்த வருஷம் விட்டுக்கொடுக்க வேண்டியவர் எடுக்கும் முடிவே வேறு.

கூலிக் குடும்பங்களைச் சேர்க்காத ஆய்வை ‘சமூகத்தின் தாங்குதிறன்’ என்று சொல்ல முடியாது. நெல் போடாத வருஷம் நிலக்காரருக்கு வருமானம் குறைகிறது. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு வருமானம் அடியோடு நிற்கிறது. அவர்களிடம் நெல் வேலை நாள்களை மாதவாரியாகக் கேளுங்கள். அந்த நாள்கள் போனபோது நூறு நாள் வேலைக்குப் போனார்களா, பனியன் கம்பெனி வேனில் ஏறினார்களா, திரும்பி வந்தார்களா என்றும் கேளுங்கள். திரும்பி வரவில்லை என்றால் அந்த ஊரின் நடவு ஆள் நிரந்தரமாகக் குறைந்தது என்று பொருள்.

கேட்கும் விதம்

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பிறகு, அறுப்புக்கு முன் உள்ள நாள்கள் தோது. ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். பால் கறக்கும் நேரத்தில் போகாதீர்கள். விதை, கால்நடை, மகளிர் குழுக் கடன் மூன்றும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில். அவர்களைத் தனியாக உட்கார்த்திக் கேட்க ஒரு பெண் உடன் வருவது கட்டாயம். எதற்காகக் கேட்கிறோம், எங்கே எழுதி வைப்போம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். படிவத்தில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

‘இடரை எதிர்கொள்ளும் திறன் உங்களுக்கு எந்த அளவு?’ என்று கேட்டால் ‘இருக்குதுங்க’ என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள்.

“ஏனுங்கண்ணா, வாய்க்கால்ல தண்ணி உடாத வருசம் வீட்டுச் செலவுக்கு என்ன பண்ணுனீங்க?”

“ஆடு நாலு உருப்படி வித்தமுங்க. பத்தாம நகையக் கொண்டு போய் சொசைட்டில வெச்சமுங்க.”

“நகை திருப்பியாச்சுங்களா?”

மூன்றாவது கேள்வியை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆடு விற்பதற்கென்றே வளர்ப்பது. அதை விற்றது பலவீனம் அல்ல, ஏற்பாடு. குடோனில் வைத்திருந்த மஞ்சளை விற்பதும் அப்படித்தான். நகையை வைத்து மீட்டால் அடி ஆறியது. ஏலத்துக்குப் போனால் ஆறவில்லை. கறவை மாடு, நிலம், பிள்ளையின் படிப்பு இவற்றில் கை வைத்திருந்தால் வயல் மறுபடி விளைந்திருந்தாலும் அந்த வீடு மீளவில்லை. ஆகவே விற்றதையும் அடகு வைத்ததையும் ‘திரும்ப வந்தது’, ‘வரவில்லை’ என்று இரு பத்தியாக எழுதுங்கள். கந்து வட்டிக்கு வாங்கியதை யாரும் முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார்கள். நோண்டாதீர்கள், மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டால் போதும்.

அளவுகளில் கவனம். நெல் மூட்டை சிலருக்கு 60 கிலோ, சிலருக்கு 75. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. வள்ளம், படி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ‘எத்தனை கிலோ மூட்டைங்க?’ என்று கேட்டு அங்கேயே கிலோவாக மாற்றி எழுதுங்கள். அறுத்த ஈரத்தில் எடை போட்டதா, காயவைத்தா என்பதும் வேண்டும்.

குறிகள்: ஆறு இழை

தண்ணீர், விதை, மண்ணும் மாடும், ஆள், காசு, கூட்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டாலும் ஒரே எண் வரும். விதையை முழுதாகக் காட்டுகிறோம். மற்றதை இதைப் பார்த்து நீங்களே ஊர்க்குழுவோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

0 – ஒவ்வொரு போகமும் வெளி விதை. போன முறை கொடுத்தவர் இல்லையென்றால் வேறு எங்கே கேட்பதென்று தெரியாது.
1 – வெளி விதைதான். ஆனால் கொடுக்க இரண்டு, மூன்று பேர் உண்டு.
2 – ஒரு ரகம் சொந்த விதை.
3 – வெவ்வேறு வயதுள்ள இரண்டு ரகம் சொந்த விதை. முளைப்பு 80 சதவீதத்துக்கு மேல்.
4 – மேலே சொன்னதோடு, நாற்றங்கால் கெட்டால் ஒருமுறை மறுபடி விட விதை. அதில் ஒரு பங்கு வேறொரு வீட்டில்.

‘வெவ்வேறு வயது’ என்று போட்டதற்குக் காரணம் உண்டு. ஏழு பாரம்பரிய ரகம் வைத்திருக்கிறோம் என்று குழுக்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் ஐந்து, ஆறு மாதப் பயிர். 120 நாள் வாய்க்கால் தண்ணீருக்குள் அவை முடியாது. கிணறு இல்லாதவருக்குக் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் தாமதமானால் மாற்றி விதைக்க அறுபதாம் குறுவை, பூங்கார் போன்ற குறுகிய வயது ரகம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. ரகப் பெயர்களை எண்ணாதீர்கள். 100 நாளுக்குள், 100 முதல் 135, அதற்கு மேல் என்று எத்தனை வயதுக் கூட்டத்தில் விதை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

சொந்த விதை இருக்கிறது என்றால் பார்த்துவிட்டு வாருங்கள். வழக்கமான நாற்றங்காலுக்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ. ஒற்றை நாற்று நடவுக்கு 3 கிலோ. இருக்கும் கிலோவை நடும் ஏக்கரோடு வகுத்தால் போதுமா என்று தெரிந்துவிடும். 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, ஏழாம் நாள் முளைத்ததை எண்ணுங்கள். குறைந்து வந்தால் உடனே மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். புதிதாக அறுத்த சில ரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு; அறுத்து ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் காயவைத்ததில் குறை. ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்த விதையில் அந்துப்பூச்சியும் பூசணமும் ஏறும்.

தண்ணீருக்குக் கேட்க வேண்டியவை: கடைசி மூன்று முறையில் நாற்றங்கால் விட்டதிலிருந்து கதிர் முற்றும் வரை எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தது, கிணறு எத்தனை ஏக்கருக்குத் தாங்கும், காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டும் பழக்கம் உண்டா, முறை தவறி மேல்மடைக்காரர் திருப்பினால் யாரிடம் போவார்கள், போன முறை தீர்ந்ததா.

மண்ணும் மாடும் ஒரே இழை. எத்தனை உருப்படி, எரு எத்தனை வண்டி, வெளியில் வாங்குவது எவ்வளவு, தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து மடக்கி உழ நாள் கிடைக்கிறதா. இங்கே ஒரு சங்கிலியைக் கவனியுங்கள். ஆள் இல்லாததால் அறுப்பு வண்டி வருகிறது. வண்டி வைக்கோலை நசுக்கி வயலிலேயே உதிர்த்துவிடுகிறது. கட்டும் இயந்திரம் கிடைக்காவிட்டால் வைக்கோல் வீணாகிறது. வைக்கோல் இல்லாவிட்டால் மாடு குறைகிறது. மாடு குறைந்தால் எருவும் ஜீவாமிர்தமும் (சாணம், கோமியம் சேர்த்த உரக் கரைசல்) விலைக்கு. ‘வைக்கோல் வீடு வந்து சேர்ந்ததா?’ என்ற ஒரே கேள்வி ஆள், மண்ணும் மாடும், காசு என்று மூன்று இழையை அளக்கும். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு உள்ளவர்களுக்கு மேய்ச்சல் தனியாக இருப்பதால் இந்தச் சங்கிலி அவ்வளவு இறுக்கமாக இராது, அதையும் குறியுங்கள்.

ஆளுக்கு ஒரே அளவு போதும்: நடவுக்குச் சொல்லி எத்தனை நாளில் ஆள் வந்தது. குறுகிய வயது நாற்று 25 நாளைத் தாண்டி நாற்றங்காலிலேயே நின்றால் நட்ட பிறகு தூர் (அடியிலிருந்து வரும் பக்கக் கிளை) கட்டாது. இயற்கை நெல்லில் பெரிய வேலை களைதான். கோனோ வீடர் (தள்ளிக்கொண்டு போகும் களைக்கருவி) ஓட்ட வீட்டில் ஆள் உண்டா என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

காசில் முதலில் பார்க்க வேண்டியது வருமானத்தின் பிரிவு: நெல், பால், ஆடு, தோட்டப் பயிர், மில் சம்பளம். வாராவாரம் வரும் பால் காசுதான் பல வீடுகளைக் கெட்ட வருஷத்தில் கடன்காரர் வாசலுக்குப் போகாமல் காக்கிறது. அடுத்து, விற்பனை. நெல்லாக விற்கிறார்களா, அரிசியாகவா? 100 கிலோ நெல் அரைத்தால் 60, 65 கிலோ அரிசி. சிறிய அளவை அரைத்துத் தரும் ஆலை பக்கத்தில் இல்லையென்றால் அரிசி விலை எட்டாக்கனி. ஒரே ஆள் பாதிக்கு மேல் எடுத்தால் மதிப்பெண் 1-க்கு மேல் போடாதீர்கள். 2020 ஊரடங்கில் கையிருப்பை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் சந்தை உறவின் உண்மை வெளிவரும். சான்றிதழின் நிலையும் இங்கே வரும். ஓராண்டுப் பயிருக்கு மாற்றுக் காலம் இரண்டு வருஷம்; அதற்குள் விளைச்சல் குறையும், கூடுதல் விலையும் கிடைக்காது. அந்த இரண்டு வருஷத்தில் அடி விழுந்த குடும்பத்தையும் பத்து வருஷம் பழகிய குடும்பத்தையும் ஒன்றாகச் சராசரி போட்டால் இரண்டு பேரைப் பற்றியும் தவறான முடிவு வரும்.

கூட்டு என்பதைக் கருத்தாகக் கேட்காதீர்கள். ‘குழு ஒற்றுமையாக இருக்கிறதா’ என்றால் ஆமாம் என்பார்கள். போன 12 மாதத்தில் வாய்க்கால் தூர்வார எத்தனை வீட்டிலிருந்து ஆள் வந்தது, விதை கடனாகக் கொடுத்தது யார் வாங்கியது யார், பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக் குழுவாக இருந்தால் ஒருவர் வயலை இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்தாரா, கையெழுத்து மட்டும் போட்டாரா. கொடுக்கல் வாங்கலை எண்களுக்கிடையே கோடாக வரைந்து பாருங்கள். எல்லாக் கோடும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால் அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அமைப்பு பலவீனமானது. அவர் ஒரு போகம் படுத்துவிட்டால் எது எது நிற்கும் என்று குழுவிடமே கேளுங்கள்.

வயலில் அளப்பது

விளைச்சலைச் சொல்லை மட்டும் நம்பி எழுதாமல் நாலைந்து வயலிலாவது அறுத்து எடை போடுங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம், வரப்பை விட்டுத் தள்ளி, பயிர் நன்றாக இருக்கும் இடத்தைத் தேடாமல். அடித்துத் தூற்றி எடை போட்டு ஈரமானியில் ஈரப்பதம் பாருங்கள். 12.4 கிலோ, ஈரம் 20 சதவீதம் என்றால்: 12.4-ஐ 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்கு 11.53 கிலோ. ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அறுத்தது 25 சதுர மீட்டர். ஆகவே 162-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,868 கிலோ. 60 கிலோ மூட்டையில் 31.

மண் மாதிரி அறுப்புக்குப் பின், எருக்குப்பை, மரநிழல், வரப்போரம் விட்டு 10, 15 இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, கலந்து, நாலாகப் பகுத்துப் பகுத்து அரைக் கிலோ. கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் நிறைவு. வருஷா வருஷம் ஒரே ஆய்வகத்துக்கு, ஒரே பருவத்தில் அனுப்புங்கள். இரண்டும் மாறினால் எண் ஏறியது மண்ணாலா ஆய்வகத்தாலா என்று சொல்ல முடியாது.

மண் வளம் பற்றிய பொதுக் கையேடுகளில் நீர் உறிஞ்சும் வேகத்தை வளையம் வைத்து அளக்கச் சொல்வார்கள். நெல் வயலில் அதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். சேற்றுழவில் அடியில் கெட்டித் தட்டு உண்டாவதும் தண்ணீர் மெதுவாக இறங்குவதும் நெல்லுக்கு வேண்டியவையே. மண்புழுவும் அப்படி: தண்ணீர் கட்டிய வயலில் இராது. அறுப்புக்குப் பின் ஈரம் இருக்கும்போது 25 செ.மீ. சதுரத்தில் 20 செ.மீ. ஆழம் தோண்டி எண்ணி 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு.

புகையானுக்கு வயலில் குறுக்காக நடந்து 20 குத்தை (ஓரிடத்தில் நட்ட நாற்றின் தூர்க்கூட்டம்) அடியோடு விரித்துப் பாருங்கள். தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி என்பது பொருளாதாரச் சேத நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை தாங்கலாம். பூச்சியை மட்டும் எண்ணாமல் சிலந்தியையும் எண்ணுவது முக்கியம். வயல் தானாகத் தன்னைக் காத்துக்கொள்கிறதா என்பதற்கு நேரடிச் சாட்சி அதுதான்.

கணக்கு

ஒரு கீழ்பவானி வயலை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக). அடி இல்லாத ஐந்து நெல் முறைகளில் ஏக்கருக்கு 24, 26, 25, 27, 22 மூட்டை. வரிசைப்படுத்தி நடு எண் 25. அதுவே நல்ல வருஷ அளவு. கெட்ட முறை 10. ஆக நின்றது 40 சதவீதம். அடுத்த நெல் முறையில் 19, அதாவது 76 சதவீதம். அதற்கடுத்து 24, அதாவது 96. நல்ல அளவில் 90 சதவீதம் தொட்டால் மீண்டது என்று வைத்தால் இரண்டு முறையில் மீண்டது. முறை என்பது இரண்டு வருஷம். எனவே நாலு வருஷம். தடப்பள்ளியில் இதே இரண்டு போகம் ஒரே வருஷம். பாசனத்தைக் கலக்கக்கூடாது என்றது இதற்காகத்தான்.

உர வயலோடு ஒப்பிடும்போது விளைச்சல் சதவீதத்தோடு நிற்காதீர்கள். கெட்ட போகத்தில் ஏக்கருக்குக் கையிலிருந்து போன ரொக்கம் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். நல்ல வருஷத்தில் உர வயல் அதிகம் விளைந்திருக்கலாம். கெட்ட வருஷத்தில் உரம் மருந்துக்கு வாங்கிய கடனும் சேர்ந்தே முழுகியிருக்கும். இயற்கை வயலில் ரொக்கம் குறைவாகப் போயிருந்தாலும் வீட்டாரின் உழைப்பு போயிருக்கும். அதை நாள் கணக்காகத் தனியே எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

ஆறு இழை மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். விதை 4, மண் 4, கூட்டு 4, தண்ணீர் 0 என்ற கடைமடை வீட்டுக்குச் சராசரி நன்றாகத்தான் வரும். தண்ணீர் வராத வருஷம் அந்த வீடு விழும். ஒவ்வொரு வீட்டுக்கும் மிகக் குறைந்த இழை எது என்று எழுதுங்கள். ஊருக்கு, ஒவ்வொரு இழையிலும் 2-க்குக் கீழே எத்தனை வீடு என்று எண்ணுங்கள். தலைமடை, கடைமடை தனித்தனியாக. 36 வீட்டில் கடைமடையின் 12-ல் 9 தண்ணீரில் விழுந்திருந்தால் அந்த ஊருக்கு முதல் வேலை இன்னொரு விதைத் திருவிழா அல்ல, மதகு நிர்வாகம்.

திருப்பிக் கொடுத்தலும் மறு அளவையும்

அறிக்கை எழுதும் முன்பே கணக்கை ஊர்க் கூட்டத்தில் விரியுங்கள். ஆறு இழையையும் சிலந்தி வலைப் படமாகச் சுவரில் ஒட்டி, தலைமடைக்கு ஒரு நிறம், கடைமடைக்கு ஒரு நிறம். வீட்டு எண்களைக் காட்டாதீர்கள். 12 வீட்டுக் கூட்டத்தில் யார் நகை ஏலம் போனது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. ‘இது தப்புங்க’ என்று யாராவது சொன்னால் சண்டை போடாமல் படிவத்தைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் மூட்டை எடையிலோ முறைக் குழப்பத்திலோ பிழை இருக்கும். கூலிக் குடும்பங்களுக்கு அவர்கள் குடியிருப்பிலேயே தனிக் கூட்டம் வையுங்கள். நிலக்காரர்கள் முன்னால் கூலி பற்றி அவர்கள் பேச மாட்டார்கள்.

ஒவ்வொரு இழையிலும் ஒரே ஒரு குறியை (சொந்த விதைக் கிலோ, தண்ணீர் இல்லாத நாள், ஆள் வர எடுத்த நாள், வீடு சேர்ந்த வைக்கோல், பால் காசு, தூர்வார வந்த வீடுகள்) குழுவே வருஷந்தோறும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் போதும். முழு அளவையைக் கீழ்பவானியில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை எடுங்கள். இரண்டு நெல் முறையும் அதற்குள் வந்துவிடும். மூன்று வருஷம் என்று வைத்தால் ஒருமுறை நெல் வருஷத்திலும் மறுமுறை கடலை வருஷத்திலும் போய் நிற்பீர்கள். இரண்டு போகம் போடும் வாய்க்கால்களில் மூன்று வருஷம் சரி. இடையில் பெரிய அடி விழுந்தால் காத்திருக்காமல் அந்தப் போகம் முடிந்த இரண்டு மாதத்துக்குள் பழைய வீடுகளுக்கே போய், எவ்வளவு போனது, எதை விற்றார்கள் என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதிவிடுங்கள். நாள் போனால் விற்றதும் வாங்கியதும் ஞாபகத்தில் கலந்துவிடும். படிவங்களின் ஒரு பிரதி ஊர்க்குழுவிடம் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் மட்டும் தனி உறையில், குழு ஒப்புக்கொண்ட இருவர் பொறுப்பில்.